எல்.கே.ஜி. மகள் இன்னும் 'அ' எழுதவில்லை, பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஜூனில் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். விளையாட்டு வழியாகத்தான் கற்றுத் தருவோம் என்று அப்போதே சொன்னார்கள். ஆறு மாதமாகியும் நோட்டில் ஒரு எழுத்து இல்லை. தினமும் உடையெல்லாம் மண்ணோடு வருகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் வேறு பள்ளியில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான், நூறு வரை சொல்கிறான். "விளையாடறதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறீங்க?" என்று மாமியார் கேட்கிறார். ஒன்றாம் வகுப்புக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்குமா என்று எனக்கும் பயமாக இருக்கிறது. பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு நாள் காலை அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உங்கள் மகளைக் கவனிப்பதைவிட ஆசிரியரைக் கவனியுங்கள். பிள்ளைகள் விளையாடும்போது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

குன்னூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாலைந்து பிள்ளைகள் பச்சைத் தேயிலை எடை போடும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தினமும் பார்ப்பதுதானே. பழைய துணிப்பைகளில் காய்ந்த இலைகளைத் திணித்து மூட்டையாக்கியிருந்தார்கள். ஒரு கழியின் இரண்டு முனையிலும் கூடையைக் கட்டியதுதான் தராசு. எடைக் கற்களுக்குப் பதிலாகப் பைன் காய்கள். ஆசிரியர் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். "என் மூட்டை எத்தனை காய் எடை?" என்று கேட்டார். ஒரு பையன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு எண்ணி, "ஏழு" என்றான். "நேற்று ஒன்பது இருந்ததே, எத்தனை குறையுது?" பையன் விரல் மடக்கி யோசித்தான். கடைசியாக ஆசிரியர், "சரி, எனக்குச் சீட்டு குடுங்க, நாளைக்கு வந்து பணம் வாங்கணும்ல" என்றார். பையன் ஒரு துண்டுத்தாளில் ஏழு கோடு போட்டு, பக்கத்தில் ஏதோ கிறுக்கி நீட்டினான். மறுநாள் அதே சீட்டை அவர் திருப்பிக் கொண்டுவந்தபோது, கோடுகளை எண்ணிச் சரியாக ஏழு இலையைப் பணமாகக் கொடுத்தானாம்.

நேற்றுச் சொன்னது இன்றைக்கும் தாளில் இருக்கும், எழுத்து அதற்குத்தான் என்று அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது. எழுத்தின் வடிவம் அதற்குப் பின்னால் வந்தால் போதும். 'அ'வை நூறு முறை எழுதிய குழந்தைக்கு இது புரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதே நேரம், அந்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்திருந்தால், அது வெறும் இலை பொறுக்கும் விளையாட்டாகவே முடிந்திருக்கும். விளையாட்டு வழிக் கல்வியில் ஆசிரியருக்கு வேலை அதிகம். பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு அதற்கு இந்தப் பெயரைச் சூட்டும் பள்ளிகளும் உண்டு. உங்கள் மகளின் பள்ளி எந்த வகை என்பதை அந்த ஒரு மணி நேரம் காட்டிவிடும்.

இன்னும் சிலவற்றையும் கவனியுங்கள். ஒரே விளையாட்டில் முக்கால் மணி நேரமாவது தொடர விடுகிறார்களா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுகிறார்களா? தினமும் கதை வாசித்துக் காட்டுகிறார்களா? ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி ஆசிரியர் ஏதாவது குறித்து வைக்கிறாரா? "என் மகள் இந்த மாதம் புதிதாக என்ன கற்றாள்?" என்று கேளுங்கள். "நல்லா விளையாடறா" என்று மட்டும் பதில் வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். "போன மாதம் வரை ஒரே நிறக் கட்டைகளை மட்டும் சேர்த்தாள், இப்போது நிறத்தையும் அளவையும் சேர்த்துப் பார்க்கிறாள்" என்பதுபோல் விவரமாகச் சொன்னால் தைரியமாக விடலாம். இருபது பிள்ளைகளுக்கு மேல் ஒரே ஆசிரியர் என்றால் இதெல்லாம் நடக்காது என்பது என் அனுபவம்.

சரி, எழுத்துக்கு வருவோம். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கும். நாலு வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகியிருக்கும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் இயல்பாகக் கைவருகிறது. அதற்கு முன் கட்டாயப்படுத்தினால் முழுக் கையையும் இறுக்கிக்கொண்டு எழுதுவார்கள். கை வலிக்கும், நோட்டே பிடிக்காமல் போகும். களிமண் பிசைவது, ஈரத்துணி பிழிவது, பட்டாணி உரிப்பது, மண்ணைத் தோண்டுவது எல்லாம் அந்த விரல்களுக்கான பயிற்சிதான். உங்கள் மகள் உடையில் மண்ணோடு வருகிறாள் என்றால், எழுதுவதற்கான கை தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 'அ' எழுதச் சுலபமான எழுத்தில்லை. சுழி, வளைவு, கிடைக்கோடு, நேர்க்கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் ஆசைக்குத் தொடங்குவதாக இருந்தால் 'ட', 'ப', 'ம' என்று தொடங்குங்கள். அதுவும் பென்சிலில் வேண்டாம். ஒரு தட்டில் ரவையோ மணலோ பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோம், திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். உங்கள் மாமியாருக்கு இது புதிதாக இருக்காது.

நூறு வரை சொல்வதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையனைக் குறை சொல்லவில்லை, நல்ல ஞாபகசக்தி இருக்கலாம். ஆனால் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் "எட்டு புளியங்கொட்டை எடுத்துத் தா" என்று கேட்டால் சில நேரம் கைநிறைய அள்ளித் தரும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்தி எண்ணுவது தனித் திறமை. இதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஒரு குழிக்கு ஒரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்க வேண்டும், காலிக் குழியையும் கவனிக்க வேண்டும். மாமியாரிடமே பேத்திக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அவர் கேள்வி மாறிவிடும்.

விளையாட்டு வழிக் கல்வி புதிதாக வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால், ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார், 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்தார் என்று சொல்லுங்கள். நூல் பந்தும் மரக்கட்டைகளும்தான் அங்கே பாடப் பொருள்கள். மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய இத்தாலியரான மரியா மாண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில்தான் இருந்தார். குழந்தை கையால் செய்வதை அவர் விளையாட்டு என்று சொல்லாமல் 'வேலை' என்றார். அவ்வளவு மதிப்பு கொடுத்தார். நம் அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர்.

மலையில் இருப்பதால் தனியாகச் சில வார்த்தைகள். வெளியே விளையாடினால் சளி பிடிக்கும் என்று பயப்படாதீர்கள். சளி வருவது வைரஸால். சன்னலைச் சாத்திய அறையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் அது அதிகம் பரவும். நனைந்த உடையோடு மட்டும் விடக்கூடாது, மாற்று உடையும் சாக்ஸும் பையில் தினமும் இருக்கட்டும். ஆஸ்துமா, வீசிங் இருந்தால் பனிமூட்ட நாட்களில் என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்டுப் பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள். பள்ளியில் குளிருக்கு அறையை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விளையாடும் இடத்தின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூச்செடி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடையோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் அந்தச் செடி ஊமத்தைக்கு உறவு, பூ, விதை, இலை எல்லாமே விஷம். மருந்தடித்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிள்ளைகளை விடக்கூடாது. காட்டெருமையும் கரடியும் வந்துபோகும் ஊர் என்பதால் வேலியும் எப்போதும் ஒரு பெரியவரும் வேண்டும்.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை பற்றிக் கேட்டீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவின்படி, சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மலையில் அப்படிப்பட்ட பள்ளிகள் கணிசமாக இருப்பதால், நீங்கள் நினைக்கும் பள்ளியில் என்ன கேட்பார்கள் என்று இப்போதே நேரில் விசாரித்துவிடுங்கள். எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னால், யு.கே.ஜி.யின் கடைசி மாதங்களில் தினம் பத்து நிமிடம் போதும். அதற்குள் அவள் கை தயாராகியிருக்கும். அரசுப் பள்ளி என்றால் கவலையே வேண்டாம். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடல், பாடல், செயல்பாடுகள் வழியாகவே கற்பிக்கிறார்கள்.

எழுதாததற்காக நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் நாலரை வயதில் வாக்கியமாகப் பேசவில்லை, வெளியாட்களுக்கு அவள் பேச்சு புரியவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மற்ற பிள்ளைகளோடு சேரவே இல்லை, சொப்பு வைத்துச் சோறாக்குவதுபோல் பாவனை விளையாட்டே கிடையாது என்றால், பள்ளி எதுவாக இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம் என்று வேறு மொழி பேசி, பள்ளியில் தமிழில் தயங்குகிற பிள்ளை இந்தக் கணக்கில் வராது. வீட்டு மொழியில் நன்றாகப் பேசுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வகுப்பில் உட்கார்ந்து பார்த்த பிறகும், ஆசிரியர் பிள்ளைகளோடு பேசவே இல்லை, கதை இல்லை, கேட்டதற்கு விவரமான பதில் இல்லை என்றால், கல்வியாண்டு முடிந்ததும் மாற்றுங்கள். அப்போதும் நோட்டு நிறைய எழுத வைக்கும் பள்ளியைத் தேடிப் போகாதீர்கள். புதுப் பள்ளியிலும் முதலில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள்.