காய்கறிப் பெயருக்குள் பன்றிக் கொழுப்பு

கேள்வி: கிராக்கூவில் படிக்கும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் போகிறோம். பாரம்பரிய போலந்து உணவகம் ஒன்றில் எங்களை உட்கார வைத்தே தீருவேன் என்கிறாள். நான் கோழி, மீன் சாப்பிடுவேன். மாடும் பன்றியும் வேண்டாம். மனைவிக்குப் பால், முட்டை சரி. இறைச்சி கூடவே கூடாது. எதைக் கேட்பது, எதில் ஏமாறுவோம்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அங்கே இறைச்சி இறைச்சியாகவே தட்டில் வந்தால் சிக்கல் இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் வரும் இடங்கள் மூன்று: ரொட்டிக்குத் தடவுவது, சூப் கொதித்த தண்ணீர், மேலே தூவுவது.

முதலாவது, நீங்கள் எதுவும் கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். ரொட்டி, ஊறிய வெள்ளரிக்காய், பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒன்று. வெண்ணெய் என்று நினைக்க வேண்டாம். அது ஸ்மாலெட்ஸ், வெங்காயம் போட்டு உருக்கி உறையவைத்த பன்றிக் கொழுப்பு. வெள்ளரிக்காயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும்.

சூப்பில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஷுரெக் என்பது ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துச் சில நாள் புளிக்கவைத்துச் செய்வது. சில இடங்களில் குடைந்த ரொட்டிக்குள்ளேயே ஊற்றித் தருவார்கள், படம் எடுக்க அழகு. ஆனால் அதில் வெள்ளைப் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். அதை எடுத்து ஒதுக்கினாலும் பயனில்லை. சூப்பே பெரும்பாலும் புகையூட்டிய இறைச்சி வெந்த நீரில் ஆனது. பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச், தக்காளி சூப் இரண்டும் பெயரைக் கேட்டால் சாதுவாகத்தான் தெரியும். இறைச்சி வெந்த நீரில் செய்ததா என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ‘இறைச்சி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால், துண்டு கிடையாது என்ற பொருளில் ‘இல்லை’ என்று பதில் வரலாம். கோடையில் போனால் ஹ்வொத்னிக் கேளுங்கள். மோர் போலப் புளித்த பாலில் இளம் பீட்ரூட், வெள்ளரி, சோயிக்கீரை, அவித்த முட்டை சேர்த்த குளிர்ந்த சூப். பெரும்பாலும் இறைச்சி இராது.

மனைவிக்கு முக்கிய உணவு பியெரோகி. சோமாசி போல மடித்து, பொரிக்காமல் தண்ணீரில் வேகவைப்பது. ‘ருஸ்கியெ’ வகையில் உருளைக்கிழங்கு, பால்கட்டி, வதக்கிய வெங்காயம். (அந்தப் பெயர் ரஷ்யாவைக் குறிப்பதல்ல, இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம் இருந்த பழைய ருத்தேனியப் பகுதியைக் குறிப்பது. 2022க்குப் பிறகு பல கடைகள் ‘உக்ரைன் பியெரோகி’ என்று மாற்றிவிட்டன. மெனுவில் ஒன்றைக் காணவில்லை என்றால் மற்றதைத் தேடுங்கள்.) முட்டைக்கோஸும் காளானும் வைத்ததும் உண்டு. மூன்றாவது பொறி இங்கேதான்: உள்ளே சைவம், மேலே பொன்னிறமாக வறுத்த பன்றிக் கொழுப்புத் துணுக்கு, ஸ்க்வார்கி. ஆர்டர் கொடுக்கும்போதே ‘பெஸ் ஸ்க்வாரெக்’, அதாவது ஸ்க்வார்கி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெண்ணெய் போதும். வறுத்த பியெரோகியும் கிடைக்கும், ஆனால் எந்தக் கொழுப்பில் வறுத்தார்கள் என்ற கேள்வி வரும், வேகவைத்ததே நிம்மதி.

ஐரோப்பிய விதிப்படி ஒவ்வாமை தரும் 14 பொருள்களை உணவகம் தெரிவிக்க வேண்டும், அதனால் மெனு ஓரத்தில் எண்கள் இருக்கலாம். பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

உங்களுக்கு ஆப்பிளோடு வாட்டிய வாத்து, அல்லது டிரவுட் மீன். மீனுக்கு விலை 100 கிராமுக்கு என்று போட்டிருப்பார்கள். முழு மீன் வந்த பிறகு பில்லைப் பார்த்துத் திகைக்காமல் எடையை முன்பே கேளுங்கள். கோவொம்ப்கி என்ற முட்டைக்கோஸ் சுருளில் வழக்கமாக அரைத்த பன்றியும் அரிசியும். பிகோஸ் என்பது புளித்த முட்டைக்கோஸோடு பன்றி இறைச்சி, தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து வெந்தது, இருவருக்கும் வேண்டாம். உருளைக்கிழங்கு அடையான பிளாட்ஸ்கி புளித்த கிரீமோடு என்றால் சரி. ‘ஹங்கேரி பாணி’ என்றிருந்தால் மேலே இறைச்சிக் குழம்பு. எந்தக் கொழுப்பில் சுட்டது என்பதை இதற்கும் கேட்க வேண்டும். காரம் எதிர்பார்க்காதீர்கள். ஹ்ஷான் என்ற குதிரைமுள்ளங்கித் துருவல் மூக்கில் ஏறும், நாக்கில் நிற்காது.

அளவு பெரிது. இருவருக்கு ஒரு சூப், ஆளுக்கொரு முக்கிய உணவு தாராளம். மிஞ்சினால் ‘நா வினோஸ்’ என்றால் கட்டித் தருவார்கள். தண்ணீருக்குக் காசு உண்டு. வாயு இல்லாதது வேண்டுமென்றால் ‘நியெகஸொவானா’.

டிப்ஸ் சுமார் 10 சதவீதம். பெரிய கூட்டமாகப் போனால் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கலாம், பார்த்துவிட்டுக் கொடுங்கள். பணமாகக் கொடுக்கும்போது ‘ஜென்குயெ’ என்று நன்றி சொல்லிவிட்டால் மீதியை வைத்துக்கொள் என்று பொருள். சில்லறை வேண்டுமென்றால் அது கைக்கு வரும்வரை நன்றியை அடக்கி வையுங்கள். கார்டு என்றால், இயந்திரம் ரூபாயா, போலந்துப் பணமான ஸ்லோட்டியா என்று கேட்கக்கூடும். ஸ்லோட்டியைத் தொடுங்கள், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியல்ல, அந்த இயந்திரத்துக்காரர்.