மிட்டா, கஞ்சமலை, தாது வருஷம்: சேலத்துப் பொருளாதார வரலாறு – கேள்வி பதில்

ஐயா, எங்க பூட்டன் காலத்துப் பத்திரத்தில் "மிட்டா" என்று இருக்கிறது. ஜமீன்தானா அது? இதையெல்லாம் இப்போது யாராவது ஆராய்கிறார்களா? (ஓமலூர்)

சின்ன ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1792இல் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவர் பேரிலேயே தீர்வை போட்டார்கள். பின்னால் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முளைவிட்டது நம் மண்ணில்தான். ஆனால் 1800களின் தொடக்கத்தில் மேலிடம் மனம் மாறி, ஊர்களைச் சேர்த்துக் கட்டி மிட்டா என்று ஏலம் விட்டது. எடுத்தவர்களில் பலரால் பணம் கட்ட முடியவில்லை. அந்த மிட்டாக்கள் சர்க்காருக்கே திரும்பின. மிஞ்சியவை 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன.

ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. 2005இல் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் ஜமீன்தார் வரி வசூலித்த மாவட்டங்களை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். சுதந்திரம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஜமீன் மாவட்டங்கள் விளைச்சலில் பின்தங்கியே இருந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஆனால் மாவட்டத்தை மொத்தமாக எடைபோடும் கணக்கில் சேலம் சரியாக உட்காராது. இங்கே மிட்டா ஊரும் ரயத்துவாரி ஊரும் கலந்து கிடந்தன. பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டை எடுத்தால் மண்ணும் மழையும் ஒன்று, வரி முறை மட்டும் வேறு. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல களம் கிடையாது என்பேன். அந்தப் பத்திரத்தைக் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சீமை இரும்பு மலிவாக வந்ததால்தான் கஞ்சமலை இரும்பு நின்றுபோனதா சார்? (இளம்பிள்ளை)

அது பாதிக் காரணம். மழை வடிந்ததும் மலையடிவார ஓடையில் பாருங்கள், மணல்மேல் கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருக்கும். காந்தத்தைக் காட்டினால் மயிர் குத்திட்டு நிற்பதுபோல ஒட்டிக்கொள்ளும். உருக்குபவர்கள் அரித்தெடுத்தது அதைத்தான். கனிமத்துக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் மரக்கரிக்கு. இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்ட கல்கரியில் உருக்கினார்கள், இங்கே காட்டை வெட்டியாக வேண்டும். ஜோசையா ஹீத் 1830களில் பறங்கிப்பேட்டையில் பெரிய உலை வைத்துச் சேலத்துக் கனிமத்தை உருக்கினார். கரிச் செலவு அந்தக் கம்பெனியையும் விடவில்லை. 1882 வனச் சட்டம் வந்தபின் சின்ன உலைக்காரர்களுக்குக் காட்டுக் கரியும் எட்டாமல் போனது.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) ரயில் ஓடிக்கொண்டுதானே இருந்தது? அப்புறம் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்? (ஆத்தூர்)

இந்தக் கேள்வியில்தான் ஆராய்ச்சியாளர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 1871இல் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். எல்லாமே சாவு இல்லை, பிழைக்க வெளியே போனவர்களும் உண்டு. பர்ஜெஸ், டொனால்ட்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் இருவர், ரயில் போன மாவட்டங்களில் மழை பொய்த்தாலும் சாவு முன்போல ஏறவில்லை என்று காட்டினார்கள். நீண்ட காலக் கணக்கில் அதை ஏற்கிறேன். ஆனால் ரயில் தானியத்தைக் கொண்டுவரும், வாங்கக் காசைக் கொண்டுவராது. 1877இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட சர்க்கார் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையுமாக வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. நாளெல்லாம் கல் உடைத்த உடம்புக்கு அது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஏற்காட்டுக்குக் காபி எப்போது வந்தது? (ஏற்காடு)

1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில்.

அப்பாவின் சேகோ மில்லில் பழைய பேரேடுகள் கிடக்கின்றன. எடைக்குப் போடலாமா அண்ணா? (சேலம்)

வேண்டவே வேண்டாம்மா! யுத்தத்தில் மலேயாப் பக்கத்து ஜவ்வரிசி நின்றதும், 1943 வாக்கில் இங்கே குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலை வளர்த்த விவசாயிக்கு என்ன கிடைத்தது என்பது உங்கள் பேரேட்டில்தான் இருக்கும். கிழங்கு மூட்டை என்ன விலை, முன்பணம் எவ்வளவு, வண்டிக்கூலி யார் தலையில் என்ற பக்கங்களை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.