சண்டைக்கு நடுவே பேச்சு

வணக்கம் சார்,

உங்கள் கதைப் பட்டறைக்கு வந்திருந்தேன். கேரம் போட்டியை வைத்து நான் எழுதிய சிறுகதையில் மூன்று பத்திகளைச் சிவப்பு மையால் அடித்து, "ஆட்டத்தை விளக்காதீர்கள், ஆடவிடுங்கள்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். ஏற்றுக்கொண்டேன்.

அப்புறம் என் தம்பி இழுத்துக்கொண்டு போய் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தைத் தமிழ் டப்பிங்கில் காட்டினான். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் வாள் ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எதிரியும் மரியாதையாகக் காத்திருக்கிறான். உச்சக்கட்டச் சண்டையில் வில்லனுக்கு ஒரு முழு நீள ஃப்ளாஷ்பேக் வேறு. தியேட்டரில் பாதிப் பேர் அழுதார்கள், நான் மணி பார்த்தேன். இந்த மாதிரி அனிமேக்களை விரும்பிப் பார்ப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு நியாயம், ஜப்பான்காரர்களுக்கு ஒரு நியாயமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

மாட்டிக்கொண்டேன். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைப் பிறகு படிக்கலாம். முடிவைத் தொடாமல் எழுத வழியில்லை.)

உங்கள் எரிச்சலில் பாதி நியாயம்தான். அடி மின்னல் மாதிரி விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது மின்னல் மாதிரி விழுகிறது என்று கதாநாயகன் தான்ஜிரோ மனசுக்குள் சொல்வதையும் கேட்கவேண்டியிருக்கிறது. யூஃபோடேபிள் ஸ்டூடியோவின் ஓவியர்கள் வேகத்தை அவ்வளவு பாடுபட்டு வரைந்திருக்கிறார்கள், அதன் மேல் இந்த வசனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். மூலம் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. கோயோஹாரு கோடோகே 2016 முதல் 2020 வரை வார இதழில் வரைந்த தொடர். காகிதத்தில் பேச்சுக் குமிழிக்கு நேரக் கணக்கே கிடையாது. ஓங்கிய வாளுக்குப் பக்கத்தில் எட்டு வரி வசனம் இருந்தாலும் உறுத்தாது, வாசகர் தன் வேகத்தில் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். தவிர, காகிதத்தில் எதுவும் அசைவதில்லை. வாள் எவ்வளவு வேகமாக வந்தது என்பதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அதே எட்டு வரியைத் திரையில் ஒருவர் குரல் கொடுத்துப் பேசும்போது, அத்தனை விநாடியும் எதிரி என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வி வந்துவிடுகிறது. மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்று வரி விடாமல் எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மாங்கா மூலம் இல்லாமல் நேராகப் படமாக எழுதப்பட்ட 'ஸ்வோர்ட் ஆஃப் த ஸ்ட்ரேஞ்சர்' (2007) பாருங்கள். கடைசிச் சண்டையில் பேச்சு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. பனி, மூச்சு, இரும்புச் சத்தம்.

காசும் ஒரு காரணம். 1963 ஜனவரி 1 அன்று ஒஸாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாராவாரம் அரைமணி நேரம் என்பதால் சிக்கனமாக வரைந்தே ஆகவேண்டிய நிலை. ஒருவனை ஓடவைக்க நிறையப் படம் வேண்டும், பேசவைக்க வாயை மட்டும் இரண்டு மூன்று விதமாக வரைந்தால் போதும். பேச்சு மலிவு, அவ்வளவுதான். பிறகு வந்த 'ட்ராகன் பால் இஸட்' வேறு ஒரு தொல்லையில் சிக்கியது. மாங்கா இன்னும் முடியவில்லை, அனிமே அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வருகிறது, எனவே இழுத்தார்கள். நாமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன பிறகு ஏறக்குறைய பத்து எபிசோட் ஓடியது.

இதை அவர்களே கேலி செய்துகொள்வதும் உண்டு. 1980களில் வந்த 'ஒதோகோஜுகு' மாங்காவில் யாராவது விநோதமான அடி ஒன்றை அடித்தால், ராய்தென் என்ற பாத்திரம் உடனே அதன் வரலாற்றைச் சொல்லும். ஆதாரமாக மின்மெய் ஷோபோ என்ற பதிப்பகத்தின் நூல் காட்டப்படும். அந்தப் பதிப்பகமும் கிடையாது, நூலும் கிடையாது. கோல்ஃப் என்ற பெயரே ஒரு சீன வீரனின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு புளுகு. விளக்கத்தின் மிடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே காற்றை அடைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அயோக்கியத்தனம் அது.

'ஜுஜுட்சு கைசன்' தொடர் இன்னும் கெட்டிக்காரத்தனம். அங்கே ஒருவன் தன் வித்தையை எதிரியிடம் விளக்கிச் சொன்னால் அந்த வித்தையின் பலம் கூடும் என்பதே விதி. ரகசியத்தை வெளியிடுகிற ஆபத்துக்குக் கிடைக்கிற கூலி. எதிராளியின் உடம்பை ஏழுக்கு மூன்று என்று பிரித்து, அந்தப் புள்ளியில் அடித்தால் அது பலவீனமான இடமாகிவிடும் என்று அதில் வரும் நானமி பாடம் நடத்துகிறார். பேசப் பேச அவர் கை வலுத்துக்கொண்டிருக்கிறது. ஏன் சண்டையில் பேசுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் எழுதி வைத்துவிட்டார் ஆசிரியர்.

சரி, உங்களை மணி பார்க்கவைத்த ஃப்ளாஷ்பேக்குக்கு வருகிறேன்.

அந்த வில்லன் அகாசா சண்டைக்கு நிற்கும்போது காலடியில் ஒரு கோலம் விரியும். பனித்துகளின் வடிவம். அதுதான் அவனுடைய திசைகாட்டி, எதிராளியின் போர்க்குணத்தை அது முள் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கோலத்தை 2020ல் வந்த இதே வரிசையின் 'முகன் ட்ரெய்ன்' படத்திலேயே பார்த்துவிட்டோம், ரெங்கோகு என்ற வாள்வீரனோடு அவன் மோதுகிறபோது. அப்போது யாரும் விளக்கவில்லை. அழகுக்காக வரைந்தது என்று நினைத்துக்கொண்டோம். ஐந்து வருடம் கழித்து இந்த ஃப்ளாஷ்பேக்கில், அவன் மனிதனாக இருந்தபோது கல்யாணம் பேசி வைத்திருந்த கொயூகியின் தலையில் அதே பனித்துகள் வடிவத்தில் ஒரு கொண்டை ஊசி. அவள் பெயரிலேயே பனி இருக்கிறது. பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கிணற்றில் விஷம் கலந்து அவளையும் அவள் அப்பாவையும் கொன்றார்கள். பெயர், முகம், எல்லாம் மறந்து அரக்கனான பிறகும் அந்த ஊசியை மட்டும் அவன் தன்னை அறியாமல் காலடியில் வரைந்துகொண்டே திரிந்திருக்கிறான்.

இதை ஏன் சண்டைக்கு முன்னாலோ பின்னாலோ வைக்கவில்லை? சண்டை எப்படி முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். தலை போன பிறகும் அகாசா சாகவில்லை, உடம்பு மறுபடி எழுகிறது. தான்ஜிரோவுக்கும் கூட நின்று சண்டையிடும் கியூவுக்கும் இனி தெம்பில்லை. அவனை வீழ்த்த வெளியிலிருந்து ஆயுதம் எதுவும் பாக்கி இல்லை. கடைசியில் அவன் தன் வித்தையைத் தன் மேலேயே ஏவிக்கொள்கிறான். அந்தக் கையை ஓங்கவைத்தது நினைவு. நீங்கள் மணி பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சண்டையின் கடைசி அடி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தூக்கியிருக்கலாம் என்றால் மாட்டேன்.

'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்' ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். அதில் வரும் நெட்டெரோ என்ற வீரர் 46 வயதில் மலைக்குப் போய் தினமும் நன்றி சொல்லிப் பத்தாயிரம் குத்து விடுகிறார். முதல் நாள் முடிக்கப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் என்ன செய்தார்? கூடுதலாகப் பிரார்த்தனை செய்தார். அவ்வளவும் கதைசொல்லியின் குரலில் வருகிற சுத்தமான விளக்கம்தான். அடித்துவிடு என்று சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தால் கை வராது.

இப்போது உங்கள் கேரம் கதை. கடிதம் வந்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன். அடித்த மூன்றில் முதல் இரண்டு பத்தி, போர்டின் அளவு, ஸ்ட்ரைக்கரின் எடை, எந்தப் பவுடர் நன்றாக வழுக்கும் என்பதெல்லாம், போனது நல்லதுதான். மூன்றாவது வேறு. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டால் கையோடு தன் காய் ஒன்றை ஃபாலோ போடவேண்டும், இல்லாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும் என்ற விதி. உங்கள் அக்கா பாத்திரம் கடைசி ஆட்டத்தில் ரெட்டைப் போட்டுவிட்டு, தம்பிக்காக வேண்டுமென்றே ஃபாலோவைத் தவறவிடுகிறாள். இந்த விதி தெரியாதவருக்கு அவள் ஏதோ ஒரு காயினைத் தவறவிட்டாள் என்றுதான் படும். அதை அடித்தது என் தப்பு.

ஆனால் நீங்கள் அதை வைத்திருந்த இடமும் சரியில்லை. அவள் ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்த பிறகு நிறுத்தி விதி சொல்கிறீர்கள். முதல் பக்கத்தில் தம்பி சின்னப் பையனாக, ஃபாலோ விழாமல் போனதும் ரெட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு திருப்பி வைக்கமாட்டேன் என்று அழுகிறானே, விதி அங்கே வரட்டும். திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.