நேட்டோவின் போர்ப் பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024இல் நேட்டோ நடத்திய போர்ப் பயிற்சி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுமார் 90,000 பேரைத் திரட்டி மாதக்கணக்கில் நடத்தியது ரஷ்யாவுக்குப் படம் காட்டத்தானே? சண்டை தெரிந்த ராணுவத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு? பதற்றம்தானே கூடும்?

கல்லூரி மாணவன், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

படம் காட்டுவதும் அதில் உண்டு. எதிராளி பார்க்கட்டும் என்றுதான் கேமராக்களை அழைக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ‘ஸ்டெட்ஃபாஸ்ட் டிஃபெண்டர்’ பயிற்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது சுடுவதல்ல, நேரத்துக்குப் போய்ச் சேருவது.

போலந்திலிருந்து லாட்வியாவுக்கு ரயிலில் டாங்கிகளை அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். போலந்தில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். லாட்வியா உள்ளிட்ட பால்டிக் நாடுகளில் ரஷ்ய ஆட்சிக் காலம் விட்டுப்போன அகலப் பாதை, 1520. வழியிலுள்ள லிதுவேனியாவின் கௌனாஸ் நகரம் வரைக்கும் 2015இல் 1435 பாதை போட்டுவிட்டார்கள். அதற்கு அப்பால் ஒவ்வொரு டாங்கியையும் இறக்கி, வேறு ரயிலில் ஏற்றிக் கட்ட வேண்டும். சரி, சாலையில் போகலாமென்றால், 60 டன்னைத் தாண்டும் டாங்கியை எல்லாப் பாலமும் தாங்காது. போரில் பாலமே இல்லாமலும் போகலாம். அதனால்தான் 2024 மார்ச்சில் போலந்தின் கோர்செனியெவோவில், பாலத்தை நம்பாமல் விஸ்துலா ஆற்றைக் கடந்து பார்த்தார்கள். நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளை ஆற்றில் இறக்கி, ராணுவ வாகனங்களை அவற்றின்மேல் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். பல நாட்டுப் படைகள் சேர்ந்து செய்யும் இந்த வேலையைப் போர் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. அந்தச் செலவை என்னால் வீண் என்று சொல்ல முடியவில்லை.

பதற்றம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய ‘ஏபிள் ஆர்ச்சர்’, அணு ஆயுத உத்தரவுகளை ஒத்திகை பார்த்த பயிற்சி. அது நிஜத் தாக்குதலாகிவிடுமோ என்று அஞ்சி, கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் இருந்த சில விமானப் பிரிவுகளை சோவியத் யூனியன் உஷார்படுத்தியது. இப்படிப்பட்ட தப்புக்கணக்கு நேராமலிருக்கத்தான், ராணுவப் பயிற்சிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று முன்கூட்டியே தெரிவிப்பதற்கான வியன்னா ஆவணம் என்ற உடன்பாடு இருக்கிறது. 9,000 பேரோ அதற்கு மேலோ கலந்துகொள்ளும் பயிற்சி என்றால் 42 நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். 13,000 என்றால் மற்ற நாட்டுப் பார்வையாளர்களையும் அழைக்க வேண்டும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா பெலாரூஸில் கூட்டுப் பயிற்சி நடத்தியது. முடிந்ததும் படை ஊர் திரும்பும் என்றார்கள். 24ஆம் தேதி அங்கிருந்தே உக்ரைன் தலைநகர் கீவை நோக்கிப் புறப்பட்டது. அதன் பிறகு, எந்த நாட்டுப் பயிற்சியானாலும், முன்கூட்டியே சொன்னார்களா, பார்வையாளர்களை உள்ளே விட்டார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆட்களின் எண்ணிக்கை அப்புறம்தான்.

அன்புடன்