கீரையில் பூச்சிமருந்து: உப்புத் தண்ணீரா, ஆப்பசோடாவா?

கேள்வி: கறிவேப்பிலை, கொத்தமல்லி, அரைக்கீரையை உப்பும் மஞ்சள் தூளும் கலந்த தண்ணீரில் போட்டால் பூச்சிமருந்து முழுக்கப் போய்விடுமா?

முழுக்கப் போகாது. இலை மேல் படிந்திருக்கும் மருந்தில் ஒரு பகுதி போகும். இமிடாகுளோப்ரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஊடுருவிப் பரவும் ரகம். எந்தக் கரைசலும் அவற்றை வெளியே இழுக்காது. மஞ்சள் தூளை மருந்து நீக்கியாக நம்ப வேண்டாம், குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இதுதான். வேரையும் பழுத்த இலைகளையும் கிள்ளிவிட்டு, கட்டைப் பிரித்து, குழாய்த் தண்ணீரில் இலைகளைத் தேய்த்து அலசுங்கள். மருந்தும் மண்ணும் கணிசமாகப் போவது இந்த உரசலில்தான். பலர் அவசரமாக முடிப்பதும் இதைத்தான். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு கரைத்து, கீரை மூழ்கும்படி 10 நிமிடம் வையுங்கள். எடுக்கும்போது பாத்திரத்தைக் கவிழ்க்காதீர்கள், அடியில் தங்கிய மண் திரும்ப இலையில் ஏறிவிடும். கீரையை மேலாக அள்ளி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். நறுக்குவது அதற்கப்புறம்தான், நறுக்கிவிட்டு ஊறவைத்தால் சத்தும் தண்ணீரோடு போகும்.

கேள்வி: ஆப்பசோடா இன்னும் நல்லது என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்குக் காரணம் 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து நடந்த ஆய்வு. லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைசலில் தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகளை நீக்க 12 முதல் 15 நிமிடம் ஆனது. அவற்றில் ஒன்றான தையாபெண்டசோல் சுமார் 20 சதவீதம் தோலுக்குள் இறங்கிவிட்டது. அதைச் சோடாவால் எட்ட முடியவில்லை. காரத்தன்மை சில மருந்துகளைச் சிதைக்கும், எல்லாவற்றையும் அல்ல. கீரை ஆப்பிள் போலத் தாங்காது, துவண்டுவிடும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து நிமிடம் போதும். பிறகு நன்றாக அலசாவிட்டால் சவர்க்காரச் சுவை நாக்கில் நிற்கும். துணி வெளுக்கும் சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு பொருட்கள், இதற்கு ஆகாது.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு?

வேண்டாம். இலையின் நுண்துளைகளில் தங்கினால் அலசி எடுப்பது கடினம்.

கேள்வி: கழுவி வைத்த கொத்தமல்லி இரண்டே நாளில் அழுகுகிறது.

ஈரம்தான் காரணம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கழுவுங்கள். மொத்தமாகக் கழுவினால் பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகே டப்பாவில் போடுங்கள்.