சின்னப் பிள்ளைகளின் டீச்சர்கள் கேட்கிறார்கள்

கே: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எல்.கே.ஜி. டீச்சராக ஆசை. மூன்று மாத மாண்டிசோரி கோர்ஸ், ஆறு மாத டிப்ளமோ, இரண்டு வருடப் படிப்பு என்று விளம்பரங்கள் குழப்புகின்றன. எதில் சேரலாம்?
- வாசகி, கும்பகோணம்

ப: தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் விதிமுறைகளில் இருப்பது முன்பருவக் கல்விக்கான (பிரீ-ஸ்கூல்) இரண்டு வருட டிப்ளமோ. பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பதிலை நம்பி சேர வேண்டாம்.

மாண்டிசோரி தனி வழி: பிள்ளைகள் பொருட்களைத் தாங்களே கையாண்டு கற்கும் முறை. 1939-ல் அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார். இன்றோ அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் கோர்ஸின் பெயரைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குழந்தைகள் இருக்கும் வகுப்பில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருப்பேன்? நான் நடத்தும்போது யார் உட்கார்ந்து பார்ப்பார்? பொருட்கள் ஒரு செட் எத்தனை பேருக்கு? உதாரணத்துக்கு, 'பிங்க் டவர்' என்ற மாண்டிசோரிப் பொருளில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கட்டைகள். ஒவ்வொன்றாகப் பாய்க்கு எடுத்து வந்து, அதிகம் பேசாமல், கை அசைவை மெதுவாக்கி அடுக்கிக் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு செய்து காட்டுவது பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். வீடியோவில் வராது.

கே: அங்கன்வாடிப் பணியாளர் நான். 'போஷன் பீ படாய் பீ' (ஊட்டச்சத்தும் படிப்பும்) என்ற மத்திய அரசின் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே எல்லாம் அழகாக நடந்தது. மையத்தில் இரண்டு வயது முதல் ஐந்து வரை 22 பிள்ளைகள். வட்டமாக உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறார்கள்.
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

ப: பயிற்சியில் பிள்ளைகளாக நடித்தவர்கள் உங்களைப் போன்ற பெரியவர்கள். யாருக்கும் மூக்கு ஒழுகவில்லை, யாரும் அம்மாவைக் கேட்டு அழவில்லை. கலைந்ததற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு இல்லை; 22 பேரை ஒரே வட்டத்தில் வைத்ததுதான்.

பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதவியாளர் அடுப்பை மூட்டுவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு கூடை: கொட்டாங்குச்சி, மரக்கரண்டி, துணிப்பந்து, மூடியுள்ள டப்பா. உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். புளியங்கொட்டை, பாசிமணி, பட்டாணி மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும். எண்ணிக்கைப் பயிற்சிக்குக் கொட்டைகளைச் சொல்லித் தந்திருப்பார்கள். அது பெரிய பிள்ளைகள் குழுவுக்கு, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

பெரிய பிள்ளைகளுக்குக் கதை, எட்டு நிமிடம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். சுவரைப் பார்த்து அவர்கள் உட்காரட்டும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் தெருவில் போகும் ஆடு ஜெயித்துவிடும். புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, ஓரமாகப் பிடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். இதற்கு முந்தின நாளே கதை மனப்பாடமாக வேண்டும். ஒரே கதையை வாரம் முழுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அடுத்த வரியை அவர்களே சொல்வார்கள். பயிற்சியில் கேட்ட மீதிச் செயல்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக.

இன்னொன்று. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் 48 வாரங்களுக்கு. அதில் முதல் 4 வாரங்கள் பிள்ளைகள் மையத்துக்குப் பழகுவதற்கே. பலர் இந்த நான்கு வாரத்தைத் தாண்டிக் குதித்து நேராகச் செயல்பாட்டுக்குப் போய், பிறகு வருடம் முழுக்க அழுகையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கே: சிறிய நர்சரி பள்ளி நடத்துகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை வெளியாளை அழைத்து ஒரு நாள் பயிற்சி தருகிறேன். டீச்சர்கள் கைதட்டுகிறார்கள், வகுப்பில் மாற்றம் இல்லை.
- வாசகர், ஈரோடு

ப: ஒரு நாளில் பத்து விஷயம் கேட்டால் ஒன்றும் தங்காது. அந்தப் பணத்தில் பாதியைப் புத்தகத்துக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் போடுங்கள். பயிற்சியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 45 நிமிடம் என்று உள்ளேயே நடத்துங்கள். ஒரு முறைக்கு ஒரே பழக்கம்.

உதாரணத்துக்கு, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. நாம் கேட்டு ஒரு விநாடிகூட விடாமல் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும். கூட்டத்தில் இருவர் இருவராகச் செய்து பார்க்கட்டும். பிறகு நீங்களோ சக டீச்சரோ வகுப்பில் 20 நிமிடம் பின்னால் உட்கார்ந்து இரண்டை மட்டும் குறியுங்கள்: எத்தனை கேள்விக்குக் காத்திருந்தார், எந்தப் பிள்ளைகள் பேசவே இல்லை. அன்று மாலையே அந்தத் தாளை டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். சம்பள உயர்வுக் கோப்பில் அது போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது. அடுத்த முறை நீங்கள் உள்ளே நுழைந்ததும் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும்.

பின்னால் உட்கார்ந்து கவனிக்கப் போகும் சக டீச்சரின் சொந்த வகுப்பை அந்த 20 நிமிடம் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் திட்டம் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கே: ஆன்லைன் பயிற்சி மட்டும் போதுமா?
- வாசகி, சிவகங்கை

ப: போதாது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு, பிளஸ் டூ படித்தவர் என்றால் ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே என்றால் ஒரு வருட டிப்ளமோ என்கிறது. செல்போன் வழியாகப் படிக்கலாம் என்று சொல்லும் அதே கொள்கை, மாதம் ஒரு நேரடி வகுப்பாவது வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள். வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமைப்பவர்களுக்கும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.