ஹட்டன் சேர்வர்களைக் கொழும்பில் வைப்பது பற்றி

ஹட்டன் கடையில் இருக்கும் இரண்டு சேர்வர்களையும் கொழும்பு டேட்டா சென்டர் ஒன்றுக்கு மாற்றலாமா, வாடகை குறைந்த இடமே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாற்றுங்கள், வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே உங்களுக்காகச் சேர்வரில் கை வைத்து வேலை செய்ய ஆள் இருக்கிறாரா என்பது. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ஏ7 வீதி அடைபட்டால், கழன்ற வயரைச் செருகக்கூட நீங்கள் போய்ச் சேர முடியாது. இரவு இரண்டு மணிக்கும் ஆள் வருவாரா, அதற்கு என்ன கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தூரத்திலிருந்தே சேர்வரை ஆன், ஆஃப் செய்து கவனிக்க உதவும் ஐட்ராக், ஐஎல்ஓ போன்ற வசதி சேர்வரில் இருந்தால், அதை விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். பாதிப் பயணம் மிச்சம்.

வாடகைக்குள் எத்தனை ஆம்பியர் அடக்கம், சேர்வரின் இரண்டு பவர் சப்ளைக்கும் தனித்தனி லைன் உண்டா என்றும் கேளுங்கள். டியர் 3 (பராமரிப்பு வேலை நடக்கும்போதும் சேர்வர்கள் நிற்காத டேட்டா சென்டர் தரம்) என்றால் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதன் விளம்பரத்தில் வரும் 99.982 சதவீத இயங்கு நேரம்கூட ஆண்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தடையை அனுமதிக்கிறது.

அப்புறம், ஹட்டனில் ஃபைபர் அறுந்தால் கொழும்பில் சேர்வர் ஓடியும் பில் போட முடியாது. வேறு நிறுவனத்தின் 4ஜி ரௌட்டர் ஒன்று கடையில் கட்டாயம் இருக்கட்டும்.